நாய்க்குட்டி உட்காரும் பெட்டியில் வஞ்சிரம்

என் மனைவி மீன் விற்கிறவள். இந்த நாலு சொல்லை எழுத எனக்குப் பதினாறு வருஷம் ஆகியிருக்கிறது. ஆபீசில் யாராவது கேட்டால், "கடல் உணவு வர்த்தகம்" என்று சொல்லிவந்தேன். கேட்டவர்கள் குளிர்பதனக் கிடங்கு, ஏற்றுமதி லைசென்ஸ், ஜப்பான் என்று எதையாவது கற்பனை செய்துகொள்வார்கள். நான் யாருடைய கற்பனையையும் தடுத்ததில்லை.

எனக்கு வேலை, துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்தில், வெளிநாட்டுச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் தாள் தயாரிக்கிற ஆபீசில். எந்தக் கண்டெய்னரில் என்ன இருக்கிறது, என்ன எடை, எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதெல்லாம் என் விரல் தட்டினால்தான் உலகத்துக்குத் தெரியும். அப்படி உலகச் சரக்கையெல்லாம் நகர்த்துகிறவன், வீட்டில் ஒரு மீன் கூடையை வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் நகர்த்தியதில்லை. சட்டை கெட்டுவிடும்.

அவள் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவள். தினமும் விடிந்தும் விடியாமல் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஏலத்தில் மீன் எடுப்பாள். இரண்டு அலுமினிய அன்னக்கூடைகளோடு ஷேர் ஆட்டோவுக்காக நிற்பாள். பாதி ஆட்டோக்காரர்கள் அவளைப் பார்த்ததும் வேகத்தைக் கூட்டுவார்கள். நிறுத்துகிற புண்ணியவானும் அவளைக் கடைசியில் உட்காரவைத்து, கூடையை அவள் மடியிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வான். டோல்கேட்டில் இறங்கி, காலடிப்பேட்டைத் தெருக்களில் நடந்து விற்று, உச்சி வெயிலில் வீட்டுக்கு வருவாள். என்னிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. கல்யாணமான முதல் வருஷம் ஒருமுறை, "ஒரு தபா கூடைய இட்டுகினு போய் எறக்கி வுடேன்யா" என்று கேட்டாள். "வாசன ஏறிக்கும்மே. ஆபீசுக்குப் போற வண்டி" என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. நானும் அதைப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ராயபுரத்துக்குச் சரக்கு சைக்கிளை அறிமுகப்படுத்த ஒரு தொண்டு நிறுவனம் வந்து சேர்ந்தது.

எங்கள் மேனேஜருக்கு அவர்களில் யாரையோ தெரியும். "லோக்கல் ஆள், இங்கிலீஷ் தெரிஞ்சவர் வேணுமாம். நீங்க போய் ரெண்டு மணி நேரம் மொழிபெயர்த்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சமுதாயக் கூடம். மேடையில் பேனர்: 'அன்றாடப் போக்குவரத்துக்குச் சரக்கு மிதிவண்டி: ஓர் அறிமுகம்.' கூட்டத்துக்கு வந்தவர்கள் தங்கள் வண்டிகளைக் கூடத்துக்கு வெளியே வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். எல்லாம் மீன்பாடி வண்டிகள். முன்னால் இரண்டு சக்கரமும் ஒரு பலகையும், பின்னால் மிதிக்கிற ஆளும். அவற்றில் ஐஸ், மீன், பீரோ, கட்டில், சில சமயம் ஒரு முழுக் கல்யாண சமையல் பாத்திரம் என்று எங்கள் பேட்டை முழுதும் போய்வந்துகொண்டிருக்கிறது. சைக்கிளில் சரக்கு ஏற்றலாம் என்ற செய்தியை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

பேச வந்த நிபுணர் வடக்கிலிருந்து வந்தவர். நல்ல மனிதர், நிறைய தண்ணீர் குடித்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கூட வந்த பெண் கோயம்புத்தூர்ப் பக்கம். தமிழ் தெரியும், ஆனால் எங்கள் தமிழ் புரியவில்லை. வாசலில் யாரோ, "இன்னாம்மா, நாஷ்டா கீதா?" என்று டிபனைப் பற்றிக் கேட்டதற்கு அவள் பயந்துபோய் என் பின்னால் வந்து நின்றுகொண்டாள். அதனால்தான் நான்.

திரையில் படம் ஓடியது. ஏதோ குளிர்தேசம். கால்வாய், பூக்கள். நீளமான சைக்கிள் ஒன்று. கைப்பிடிக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு மரப்பெட்டி. அதில் இரண்டு வெள்ளைக் குழந்தைகள், நடுவில் ஒரு நாய்க்குட்டி. மிதிக்கிற அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். "இதனால் காற்று சுத்தமாகும்" என்றார் நிபுணர். ஒரு பக்கம் நிலக்கரித் தூளும் இன்னொரு பக்கம் மணலி ஆலைகளின் புகையும் வந்து சந்திக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களிடம், காற்று சுத்தமாக வேண்டுமென்றால் நீங்கள் சைக்கிள் மிதிக்க வேண்டும் என்று நான் பக்தியோடு மொழிபெயர்த்தேன்.

கேள்வி நேரம் வந்தது. ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சோக்கா கீது. ட்ரெய்லரு பக்கத்துல உரசிகினு வந்தா எங்க ஒதுங்குறது? அந்தப் படத்துல ரோட்ல ஒரு லாரியக் கூடக் காணமே." நிபுணர் இதை மிக நல்ல கேள்வி என்றார். அதோடு முடிந்தது.

அதன்பிறகு கூட்டத்தின் நடுவிலிருந்து என் மனைவி எழுந்தாள்.

அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. மீனவப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, சாப்பாடு போடுவார்கள் என்று நம்பி வந்திருந்தார்கள். நான் அவளைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி ஒரு மணி நேரம் மொழிபெயர்த்திருந்தேன். அவளும் அந்த மரியாதையைத் திருப்பித் தந்திருந்தாள். மேடையில் சொல்லியிருந்தார்கள்: சோதனைக்காக ஒரு வண்டி, பேட்டரி மோட்டாரோடு, மூன்று மாதத்துக்கு இலவசமாகத் தரப்படும், விருப்பமுள்ளவர் கேட்கலாம்.

"எனக்குக் குடுங்க" என்றாள். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. "நான் காசிமேட்டுலேந்து காலடிப்பேட்ட வரைக்கும் தெனம் மீன் எடுத்துகினு போறேன். எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும். நான் ஓட்டிப் பாக்குறேன்."

நிபுணர் என்னைப் பார்த்தார். என் கண்ணுக்குள் திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓடியது. அதில் காலை ஒன்பது மணி. என் மனைவி அந்த நாய்க்குட்டிப் பெட்டியில் மீனை ஏற்றிக்கொண்டு போகிறாள். பின்னால் ஆபீஸ் வேன். வேனில் கடல் உணவு வர்த்தகத்தை நம்புகிற அத்தனை பேரும்.

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இந்த அம்மாவுக்கு ஆர்வம் இருக்கிறது, ஆனால் முழங்கால் வலியாம். வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்கிறார்."

நிபுணர் அனுதாபத்தோடு தலையாட்டினார். கோயம்புத்தூர்ப் பெண் மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். காலையிலிருந்து அவளுக்குப் புரிந்த ஒரே வடசென்னைப் பேச்சு என் மனைவியுடையதாக இருந்தது என் அதிர்ஷ்டம். "சார், அவங்க அப்படிச் சொல்லலைங்களே" என்று மைக் பக்கத்திலேயே சொன்னாள். "வண்டி வேணும்னுதானுங்க சொன்னாங்க?"

என் மனைவி என்னைப் பார்த்தாள். "இன்னாயா சொன்ன அவராண்ட?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அவரு என் காலப் பாக்குறாரு?"

கோயம்புத்தூர்ப் பெண் வெள்ளை மனசு. நான் சொன்னதைத் தமிழில் அப்படியே எடுத்துச் சொன்னாள். கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மீனவப் பெண்களுக்கு நான் யார் என்று தெரியும். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் மனைவி நிபுணரைப் பார்த்து, "இவரு என் வூட்டுக்காரரு" என்றாள். "எனக்கு முட்டி நல்லாத்தான் கீது."

அந்தப் பெண் இதையும் மொழிபெயர்க்க, நிபுணர் முகம் மலர்ந்தது. கணவனே மனைவியின் உடல்நலத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவதாக நினைத்தாரோ என்னவோ, கைதட்டினார். எங்கள் இருவரையும் சேர்த்து நிறுத்தி ஒரு போட்டோவும் எடுத்தார்கள். அது அவர்களுடைய அறிக்கையில் இருக்கிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்த வண்டி முதல் வேலையாக என் ஸ்கூட்டரை வெளியே தள்ளியது. எங்கள் வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட நிழல் ஒரு வண்டிக்குத்தான் இருக்கிறது. அவள் என்னைக் கேட்காமல் ஸ்கூட்டரை வெயிலுக்கு நகர்த்திவிட்டு, இதை உள்ளே விட்டாள். கூடத்தில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அந்த வசதியை அவள் தரவில்லை. ஒன்று மட்டும் சொன்னாள். "ராத்திரில பேட்டரிய சார்ஜு போட்டு வெக்கிறது உன் வேல. அதுக்கு முட்டி வோணாம்."

துறைமுகத்தில் ஏலம் முடிந்த பிறகு காலியாகிற சிமெண்ட் தளத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஓட்டிப் பழகினாள். அந்த வண்டியில் முன்சக்கரம் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது. நீங்கள் கைப்பிடியைத் திருப்பினால் அது கேட்டுக்கொண்டு, யோசித்து, பிறகு திரும்பும். கிட்டத்தட்ட எங்கள் மேனேஜர் மாதிரி. அவள் இரண்டு முறை விழுந்தாள். நான் வண்டியோடு வந்த கையேட்டை வைத்துக்கொண்டு ஓரமாக நின்று, "பார்வை தூரத்தில் இருக்க வேண்டும்" என்று வாசித்துக் காட்டினேன். "வந்து பின்னால புடிக்கிறியா, பொஸ்தகம் படிக்கிறியா?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டார். நான் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மூன்றாவது சுற்றில் அவள் விழவில்லை. பெண்கள் எல்லாம் சேர்ந்து கத்தினார்கள்.

ஒரே வாரத்தில் குளிர்தேசத்து வண்டியின் குறை தெரிந்துவிட்டது. பெட்டியில் மீன் தண்ணீர் தேங்கியது. அதை வெளியேற்ற வழியே இல்லை. நாய்க்குட்டியிடம் அந்தப் பிரச்சினை இருந்திருக்காது, அல்லது சொல்லத் தெரிந்திருக்காது. "பெட்டியில் துளையிடக் கூடாது" என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நான் எடுத்துக் காட்டினேன்.

"அப்ப மீன் தண்ணிய நீ குடிச்சுடுறியா?" என்றாள்.

காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு இரும்பு வேலை செய்கிற வெல்டர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கொட்டகைக்கு வண்டியை ஓட்டிப்போனாள். அவர் அதைச் சுற்றிச்சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். "வேல தெரிஞ்சவன்தான் செஞ்சிக்கிறான். மீன் துன்ற பயக்கம் இல்ல போல" என்று சொல்லிவிட்டு அடியில் நாலு ஓட்டை போட்டு, தண்ணீர் இறங்க ஒரு ரப்பர் குழாயும் மாட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு வண்டி ஓடியது. உண்மையைச் சொல்ல வேண்டும், நன்றாகவே ஓடியது. ஷேர் ஆட்டோவுக்காக நிற்கிற நேரம் மிச்சம். மற்றவர்கள் மீன் வருவதற்குள் இவள் மீன் காலடிப்பேட்டையில் இருந்தது. பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். அப்படி உட்கார்ந்து அவளை நான் பார்த்ததே இல்லை. அவள் வீட்டுக்கு வருகிற நேரத்தில் நான் ஆபீசில் இருப்பேன் என்பதும் ஒரு காரணம்.

இரண்டாவது மாதத்தில் ஒரு காலை, ஏழரை மணிக்கு போன் வந்தது. நான் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டிருந்தேன். "ஏலக்கடையில வழுக்கி வுயுந்துட்டேன்யா. கை வீங்கிக்கினு வருது. வா" என்றாள்.

ஸ்கூட்டரில் பறந்தேன். அவள் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டில் துண்டு, துண்டுக்குள் மீனுக்குப் போட்ட ஐஸ். முகம் வெளுத்திருந்தது. "வா, ஆஸ்பத்திரி போலாம்" என்றேன்.

"ஆஸ்பத்திரி எங்கயும் ஓடாது. மீன் கெட்டுப்பூடும்." சைக்கிளைக் காட்டினாள். இரண்டு அன்னக்கூடையும் ஏற்கெனவே பெட்டியில் இருந்தன. "காலடிப்பேட்டையில ஒரு வூட்ல மறுவூட்டு விருந்து. வஞ்சிரம் சொல்லிக்கிறாங்க. ஒம்போதுக்குள்ள குடுக்கணும். மீன்பாடி எல்லாம் லோடு ஏத்திகினு பூட்டாங்க. நீ ஓட்டு."

"நானா?"

"பொஸ்தகம் படிச்சிக்கிற இல்ல?"

ஸ்கூட்டரில் அந்தக் கூடைகள் நிற்காது. நின்றாலும் அவள் அதைக் கேட்டிருக்க மாட்டாள். அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரை வெல்டர் கொட்டகையில் விட்டேன். அவள் பெட்டிக்குள் ஏறி, கூடைகளை முழங்காலால் அணைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்த மாதிரி உட்கார்ந்தாள். பெட்டி எவ்வளவு எடை தாங்கும் என்று கையேட்டில் இருந்தது. மனைவியைப் பற்றித் தனியாக எதுவும் இல்லை.

நான் மிதித்தேன். முதல் திருப்பத்திலேயே ஒரு ஐஸ் வண்டியைத் தட்டினேன். இரண்டாவது திருப்பத்தில் திரும்பவே இல்லை. "தூரமா பாருயா, என்ன எதுக்குப் பாக்குற?" என்றாள். எதிரில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்க்காமல் ஓட்டுவது எப்படி என்று கையேடு சொல்லவில்லை.

பெரிய ரோட்டுக்கு வந்ததும் ட்ரெய்லர்கள். நாளெல்லாம் என் கம்ப்யூட்டரில் ஒரு எண்ணாக வந்து போகிற கண்டெய்னர்களை அன்றைக்குத்தான் பக்கத்தில் சந்தித்தேன். அதன் சக்கரம் என் தோளுக்கு மேல் இருந்தது. அது கடக்கும்போது காற்று முதலில் நம்மை வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறது. நான் தயாரித்த தாளை வைத்துக்கொண்டுதான் அதில் சிலது அந்த ரோட்டுக்கே வந்திருக்கும். எந்த டிரைவரும் என்னை அடையாளம் கண்டுகொண்டு மரியாதை செய்யவில்லை. ஒருவன் மட்டும் ஜன்னல் வழியாக, "பெருசு, ஓரமா போ சாவு கிராக்கி!" என்றான்.

என் மனைவி பெட்டியிலிருந்து கண்டக்டர் மாதிரி குரல் கொடுத்துக்கொண்டே வந்தாள். "பள்ளம், பள்ளம்... லெப்ட்ல வா... அவன் போட்டும் வுடு." நடுவில் ஒரு மாடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "நிறுத்துயா, கிராக்கி" என்றாள். ஒற்றைக் கையால் தராசைப் பிடிக்க முடியவில்லை. என்னைப் பிடிக்கச் சொன்னாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், இஸ்திரி போட்ட சட்டையோடு, நான் சங்கரா மீன் நிறுத்தேன்.

டோல்கேட் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வலது பக்கம் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவர் ஆபீசில் எனக்கு அடுத்த மேஜைக்காரர். பதினொரு வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து கடல் உணவு வர்த்தகம் எப்படிப் போகிறது என்று விசாரிக்கிறவர். ஹெல்மெட்டைத் தூக்கினார். என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

"இறால் கீதாம்மா?" என்றார்.

"இன்னிக்கு இல்லண்ணா. நாளைக்கு எட்டாந்து தரேன்."

"பெருசா பாத்து எடுத்தாம்மா" என்றார். பச்சை விழுந்தது, போய்விட்டார். பதினாறு வருஷமாக நான் பொத்திப்பொத்திக் காத்த ரகசியத்துக்கு அவர் கொடுத்த மதிப்பு அவ்வளவுதான். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

டோல்கேட் தாண்டி இரண்டு பஸ் ஸ்டாப் தூரம் போயிருப்போம். மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. பெடல் கல்லாகக் கனத்தது. நாலு மிதி மிதித்துப் பார்த்தேன், வண்டி நகரவில்லை.

"நேத்து சார்ஜ் போட்டியாயா?"

போட்டிருந்தேன். அப்புறம் ராத்திரி சட்டைக்கு இஸ்திரி போட அதன் பிளக்கைப் பிடுங்கியது இப்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்ப மாட்டவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரே ஒரு பிளக்தான். அவள் என் சட்டையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள்.

இறங்கினாள். "நீ குந்தும்மே, நான் தள்ளுறேன்" என்றேன். கேட்காமல் இடது தோளைப் பெட்டிக்குக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தாள். மெட்ரோ தூண்களின் நிழலில் இரண்டு பேரும் தள்ளிக்கொண்டு போனோம். எனக்கு ஏதாவது பேச வேண்டும்போல் இருந்தது. என்னிடம் இருந்தது ஒரே ஒரு வாக்கியம். அதுவும் பழசு.

"ஸ்கூட்டர்ல ஏத்தலன்னு உனக்குக் கோவமா?"

ஒரு பள்ளத்தைத் தாண்டித் தள்ளினாள். அப்புறம் சொன்னாள். "வாசன ஏறிக்கும்னு சொன்ன. நானும் அந்த வாசனதான்யா. என்னிய ஏத்திகினு சினிமாவுக்குப் போன, கோயிலுக்குப் போன. கூடைய மட்டும் ஏத்தல. அப்ப நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? வூட்டுக்கு வந்ததும் தேச்சுத்தேச்சுக் குளிப்பேன். தோலு எரியுறாப்பல. உங்கூடக் குந்தணுமேன்னு."

நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. "தள்ளுயா. மணியாவுது" என்றாள்.

தள்ளினேன்.

விருந்து வீட்டில் ஒன்பதேகால் ஆனதற்கு அந்த வீட்டு அம்மாள் வாங்கு வாங்கென்று வாங்கினார். மீனை வெட்டித் தர வேண்டும் என்றார். என் மனைவியால் முடியாது. நான் அரிவாள்மணையின் முன்னால் உட்கார்ந்தேன். வஞ்சிரத்தின் தலை எந்தப் பக்கம் என்பதுவரை எனக்குத் தெரிந்தது. இரண்டு துண்டு பார்த்ததுமே அந்த அம்மாள் என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தார். "மாப்பிள்ளைக்குப் போடற மீனு, கலீஜ் பண்ணாத நைனா" என்றார்.

ஆஸ்பத்திரியில் எலும்பில் கீறல் என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது. அந்த மூன்று வாரமும் காலையில் நான்தான் வண்டி ஓட்டினேன். இதைத் தியாகமாக எழுத ஆசைதான். ஆனால் முதல் நாள் ஏலத்துக்கு என்னைத் தனியாக அனுப்பியபோது, நேற்றைய மீனை இன்றைய மீனாக என் தலையில் கட்டிவிட்டார்கள். மறுநாளிலிருந்து அவள் கட்டுப்போட்ட கையோடு பெட்டியில் ஏறிவந்தாள். மீன் எடுப்பது, விலை பேசுவது, சண்டை போடுவது எல்லாம் அவள். நான் மிதிக்கிற ஆள். கூடைகளைக் காலடிப்பேட்டையில் இறக்கிவிட்டு, எட்டரைக்குக் குளித்து ஆபீசுக்குப் போவேன். அடுத்த மேஜைக்காரர் மோந்து பார்த்து, "இன்னிக்கு நெத்திலியா?" என்பார். இரண்டாவது வாரம் மேனேஜரே நண்டு கேட்டார். சட்டையில் வாசனை இருந்ததாக யாரும் புகார் செய்யவில்லை, அல்லது முன்பிருந்தே இருந்ததோ என்னவோ.

மூன்று மாதம் முடிந்ததும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் நிபுணரும் வண்டியைத் திரும்ப எடுக்க வந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். நாலு ஓட்டையும் ரப்பர் குழாயும் தெரிந்தன. நிபுணர் குனிந்து குழாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்துக்கொண்டார். பயனாளிகளே வடிவமைப்பில் பங்கெடுத்திருப்பதாக எழுதிக்கொள்ளப் போகிறேன் என்றார். வண்டியை வேறொரு நகரத்துக் கண்காட்சிக்கு அனுப்புவார்களாம். "அங்க மீன் விப்பாங்களா?" என்று என் மனைவி கேட்டாள். இல்லை, நிறுத்திவைத்துக் காட்டுவார்கள் என்றார்கள். வண்டியை மினி லாரியில் ஏற்றும்போது அவள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் அழுதாள். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

ஆனால் அவர்கள் வருவதற்கு முந்தின வாரம் இரண்டு நாள் வண்டி எங்கள் வாசலில் இல்லை. வெல்டர் கொட்டகையில் இருந்தது. அவர் கயிறு வைத்து அளந்து, சுவரில் சாக்பீஸால் முழு உருவம் வரைந்து வைத்திருந்தார். உடைந்த மீன்பாடி வண்டியின் சட்டம், தண்ணீர்க் குழாய், யாரோ போட்டுவிட்டுப் போன பேட்டரி ஸ்கூட்டரின் மோட்டார் எல்லாம் சேர்ந்து, ஒரு மாதத்தில் எங்கள் வீட்டுக்கு ஒன்று வந்தது. பச்சை நிறம். படகுக்கு அடித்த பெயின்ட்டில் மிச்சம். கிளம்பிய இரண்டாம் நாளே தேரடி அருகில் முன் ஃபோர்க் முறிந்து, கூடையோடு ரோட்டில் உட்கார்ந்தது. வெல்டர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, இன்னும் பருத்த இரும்பாகப் போட்டார். இப்போது அது முறியாது. கைப்பிடியைத் திருப்பினாலும் திரும்பாது என்று நான் சொல்வதுண்டு. ஆனால் அவள் திருப்புகிறாள். குப்பத்தில் இன்னும் இரண்டு பேர் அவரிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறென்றால் நான் மிதிப்பேன், அவள் பெட்டியில். டோல்கேட்டில் புதிதாக வந்த ஒரு போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். சுற்றி வந்து பார்த்தார். "இது சைக்கிளா, மீன்பாடியா, பைக்கா?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கார்கோ சைக்கிள் என்று ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இருய்யா" என்று அவள் என்னை அடக்கிவிட்டு, கூடையின் மேலிருந்த ஈரச்சாக்கை விலக்கினாள். "வண்டிய வுடு சார். கவள மீனு நல்லா கீது பாரு. வூட்ல எத்தினி பேரு?"

அவர் வீட்டில் ஐந்து பேராம். தராசை நான் பிடித்துக்கொண்டேன்.